இறங்கி வருதல்: நத்தார்ச் சந்தையும் சக்கரப் பீடமும் பற்றிய ஒரு சிந்தனை

பிறர் கொண்டாடும் விழாவொன்றைக் காணச் செல்பவன் அங்கு எவ்வாறு நிற்க வேண்டும் என்னும் வினா, முதற்பார்வையில் ஒழுக்கவியலுக்குரிய வினாவாகத் தோன்றாது. அது விருந்தினனுக்குரிய நாகரிகம் பற்றியது என்றோ, உல்லாசப் பயணத்துறையின் ஒழுங்குகள் பற்றியது என்றோ கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், காண்பவனுக்கும் காணப்படுபவனுக்கும் இடையில் உள்ளதும் ஒரு மனித உறவே. மனித உறவு எதுவும் ஒழுக்கவியலின் எல்லைக்கு அப்பாற்பட்டதன்று. ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரிலே நத்தார்க் காலத்திற் காணக்கூடிய சிறிய காட்சியொன்று இவ்வுண்மையை விளக்கப் போதுமானது.

டிசெம்பர் மாதத்து மாலைப்பொழுது. நகரின் நடுவேயுள்ள 'ஹவுப்ற்மார்க்ற்' எனும் பெருஞ்சதுக்கத்தின் ஓரத்திலே, தலைக்கவசம் அணிந்த சிலர் வரிசையாக வந்து நிற்கின்றனர். அவர்கள் நிற்பது தரையிலன்று. 'செக்வே' எனப்படும் இருசக்கர மின்னூர்தியின் பீடத்திலே. முன்னால், அத்தகையதோர் ஊர்தியிலேயே வழிகாட்டியும் நிற்கின்றார். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட துணிக்கூரைகளைக் கொண்ட மரக்கடைகள் சதுக்கம் முழுவதும் பரந்து கிடக்கின்றன. அவற்றுக்கிடையே சனத்திரள் நெருக்குண்டு நகர்கின்றது. ஊர்திமேல் நிற்போர் அத்திரளின் தலைகளுக்கு மேலாக யாவற்றையும் காண்கின்றனர். வழிகாட்டி சதுக்கத்தின் கதையைச் சில நிமிடங்களிற் கூறி முடிக்கின்றார். பின்னர் அவர் உடலைச் சற்று முன்னே சாய்க்க, வரிசை முழுவதும் அடுத்த சந்தையை நோக்கி நகர்கின்றது. இவர்கள் நத்தார்ச் சந்தையைக் கண்டுவிட்டனரா?

கண்கள் கண்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் சந்தை என்பது யாது என்று ஆராயுமிடத்து, அது கண்ணுக்கு மட்டும் உரிய பொருளன்று என்பது தெளிவாகும். ஜேர்மன் நாட்டின் நத்தார்ச் சந்தைகள் மிகப் பழையவை. ட்றெஸ்டன் நகரத்துச் சந்தை 1434ஆம் ஆண்டிலேயே குறிப்பிடப்படுகின்றது. நியூரம்பேர்க் சந்தைக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று, 1628ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துகளைக் கொண்ட சிறு மரப்பெட்டியொன்றாகும். யாரோ ஒருவர் சந்தைப் பரிசாக இன்னொருவருக்கு அனுப்பிய பெட்டி அது. சந்தையின் முதற் சான்று அரச கட்டளையாகவோ கல்வெட்டாகவோ அமையாது, ஒருவர் மற்றொருவரை நினைந்து அனுப்பிய பரிசாக அமைந்தமை கருத்திற் கொள்ளத்தக்கது. இன்று அச்சந்தையிலே ஏறத்தாழ 180 கடைகள் உள்ளன. திருவருகைக் காலத்தின் முதலாம் ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளியன்று தொடங்கி நத்தாருக்கு முதல்நாள் வரை அது நடைபெறும். ஆண்டுதோறும் இருபது இலட்சம் பேரளவில் அங்கு வந்து செல்வர் எனக் கணிக்கப்படுகின்றது.

அங்கு விற்கப்படுபவற்றை நோக்கினால், அவற்றுட் பல நிற்பவனுக்கே உரியவை என்பது விளங்கும். விரல் நீளமேயுள்ள சொசேஜ் மூன்றைச் சிறு பாணுக்குள் வைத்துத் தருவர். அதனைச் சூட்டோடு நின்று உண்ண வேண்டும். சுவைத்திரவியங்கள் இட்டுச் சூடாக்கிய முந்திரிகை இரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றித் தருவர். கிண்ணத்துக்கென வைப்புப் பணம் பெற்றுக்கொள்வர். அப்பணத்தை மீளப்பெற விரும்புபவன் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். எனவே அருந்துபவர்கள் கடையின் அருகிலேயே கூடி நிற்பர். அயலில் நிற்பவன் யாரென அறியாவிடினும், அவனது முழங்கையையும் மூச்சுக்காற்றின் வெண்புகையையும் அறிந்தே ஆகவேண்டும். உலர்த்திய பிளம் பழங்களைக் கம்பியிற் கோத்து, வால்நட் கொட்டையைத் தலையாக வைத்து, அதிலே முகம் எழுதிச் செய்யும் சிறு மனிதப் பொம்மைகள் அச்சந்தைக்கே சிறப்பானவை. ஒவ்வொரு முகமும் கையால் எழுதப்படுவதால் ஒன்று மற்றொன்றைப் போல் இராது. குனிந்து பார்ப்பவனுக்கே அவ்வேறுபாடு புலனாகும்.

ஆகவே, சந்தை என்பது இடிபடுவதற்கும், காத்திருப்பதற்கும், வழிவிடுவதற்கும், விலை கேட்டு மறுமொழி பெறுவதற்கும் மனிதர் உடன்பட்டுக் கூடுகின்ற இடமாகும். பணமுடையவன் அங்கு மிகுதியாக வாங்கலாம். ஆனால் நெருக்கத்திலிருந்து விலக்குப் பெற இயலாது. நகர வாழ்விலே செல்வரும் வறியரும், உள்ளூராரும் அயலாரும் ஒரே தளத்தில் நிற்க நேரும் இடங்கள் மிகச் சில. சந்தை அவற்றுள் ஒன்று.

இனி ஊர்தியை நோக்குவோம். அமெரிக்கப் புத்தாக்குநரான டீன் கேமன் என்பவர் 2001ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் செக்வேயை உலகுக்கு அறிமுகஞ் செய்தார். அதற்கு இரு சக்கரங்கள் உண்டு. அவை முன்னும் பின்னுமாக அமையாது பக்கம் பக்கமாக அமைந்தவை. மேலே நிற்பவன் முன்னே சாயின் ஊர்தி முன்னே செல்லும். நிமிரின் வேகம் தணியும். அவனது சமநிலையை உணர்கருவிகள் ஓயாது அளந்து சக்கரங்களுக்கு ஆணையிடுகின்றன. அதன் உச்ச வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர். அதன் பீடம் தரையிலிருந்து ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளது. நகரங்களை மாற்றியமைக்கும் என எதிர்பார்க்கப்பட்ட இவ்வூர்தி அவ்வாறு எதனையும் மாற்றவில்லை. அதன் உற்பத்தியும் 2020இல் நிறுத்தப்பட்டது. ஆயினும், வழிகாட்டியுடன் நகர்வலம் வரும் உல்லாசப் பயணிகளுக்கான ஊர்தியாக அது நிலைபெற்றுவிட்டது.

இத்தகைய உலாவை எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால் எள்ளல் ஆராய்ச்சியாகாது. உலாவுக்குச் சார்பாகக் கூறத்தக்கன பல உள. ஒரு நகரின் நத்தார்ச் சந்தைகள் ஓரிடத்தில் மட்டும் அமைவதில்லை. தொலைவிலுள்ள பலவற்றை ஒரே மாலையில் இணைத்துக் காண ஊர்தி உதவுகின்றது. நெடுநேரம் நடக்கவியலாத முதியவர் ஒருவருக்கு அது ஒரு பேறாகலாம். தனியே நடப்பவன் ஒருபோதும் அறியாத செய்திகளை அறிந்த வழிகாட்டி உடன்வருகின்றார். மேலும், நடந்து செல்லும் உல்லாசப் பயணி ஊர்தியிற் செல்பவனை இகழ்வதிலே ஓர் அகந்தை உண்டு. அவனும் ஆகாய விமானத்தில் ஏறி, அடுத்தவர் ஊருக்கு வேடிக்கை பார்க்க வந்தவனே. தன் கால்கள் நடக்கின்றன என்ற காரணத்தால் தன்னை ஊரவனாக எண்ணிக்கொள்வது போலிப் பெருமையன்றி வேறன்று.

வேகமே குற்றம் என்று கூறவும் இயலாது. வியன்னாவிற் பிறந்த சிந்தனையாளரான இவான் இலிச், சக்தியும் சமத்துவமும் பற்றி 1974இல் வெளியிட்ட நூலிலே, போக்குவரத்து ஓர் எல்லைக்கு மேல் வேகம் பெறுமாயின் ஒருவன் மிச்சப்படுத்தும் நேரம் மற்றவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட நேரமே என்று வாதிட்டார். அவர் வகுத்த எல்லை, துவிச்சக்கரவண்டி செல்லக்கூடிய வேகமான மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றராகும். செக்வே அவ்வெல்லையைத் தாண்டவில்லை. எனவே, அங்காடியின் ஓரத்தில் நின்ற அக்காட்சியில் உள்ளத்தை உறுத்துவது யாது என்பதை வேறிடத்திலே தேடவேண்டியுள்ளது.

செக்வேயின் பிறப்பு வரலாற்றிலேயே அதற்கான விடை உள்ளது. செக்வேக்கு முன்னர் கேமன் 'ஐபொற்' எனும் சக்கர நாற்காலியொன்றை உருவாக்கியிருந்தார். அதனைப் பொதுமக்களிடம் விற்பதற்கு 2003இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. படிகளில் ஏறவல்ல அந்நாற்காலி, இரு சக்கரங்களில் எழுந்து தன்னைத்தானே சமநிலைப்படுத்தி நிற்கவும் வல்லது. அவ்வாறு எழும்போது, அதில் அமர்ந்திருக்கும் நடக்கவியலாதவர், தம்மெதிரே நிற்பவரின் கண்மட்டத்துக்கு உயர்கின்றார். பிறர் எப்போதும் குனிந்து பேசக் கேட்டுப் பழகிய ஒருவருக்கு, நேருக்கு நேர் முகம் நோக்கிப் பேசும் நிலை கிட்டுகின்றது. செக்வேயின் சமநிலை நுட்பம் அந்நாற்காலியிலிருந்து பிறந்ததேயாகும்.

இங்குதான் ஒழுக்கவியல் வினா கூர்மை பெறுகின்றது. அமர்ந்திருப்பவரைக் கண்மட்டத்துக்கு உயர்த்திய நுட்பமே, ஏற்கெனவே நிற்பவனைக் கண்மட்டத்துக்கு மேலே உயர்த்துகின்றது. முன்னையது சமத்துவத்தை மீட்டுத் தந்தது; பின்னையது சமத்துவத்திலிருந்து விலகி நிற்க வாய்ப்பளிக்கின்றது. கருவியின் நன்மை தீமை அதன் பொறியமைப்பில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அதில் ஏறுபவர் முன்னர் எங்கு நின்றார், ஏறியபின் யாரை எவ்வாறு நோக்குகின்றார் என்பவற்றிலும் அது தங்கியுள்ளது. மூட்டு நோவால் வருந்தும் முதியவளுக்கும், நல்ல கால்களையுடைய இளைஞனுக்கும் அந்த 20 சென்ரிமீற்றர் ஒரே பொருளைத் தருவதில்லை.

எந்த மனிதனையும் வெறுங் கருவியாக மட்டும் கொள்ளாது, அவனையே ஒரு நோக்கமாகவும் மதித்து நடத்தல் வேண்டும் என 1785இல் இம்மானுவேல் கான்ற் எழுதினார். இக்கோட்பாடு பெரும்பாலும் கொத்தடிமை, பொய்வாக்குறுதி போன்ற பெருங்குற்றங்களை விளக்கவே எடுத்தாளப்படுகின்றது. ஆயினும் சிறிய செயல்களும் அதன் ஆட்சிக்குட்பட்டவையே. பிளம் பொம்மை விற்கும் பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். அவளிடம் விலை கேட்டு, வாங்காது திரும்புபவன்கூட அவளை ஒரு மனிதப் பிறவியாகச் சந்தித்துவிட்டான். அவள் அவனிடம் சினங்கொள்ளலாம், சிரிக்கலாம், விலையைக் குறைக்க மறுக்கலாம். தொலைவில் உயரத்தில் நின்று அவளைச் 'சந்தையின் ஒரு பகுதி'யாகக் கண்டு செல்பவனிடமோ அவளாற் பேச இயலாது. அவளது குளிர் நடுங்கும் விரல்களும், கம்பளிச் சால்வையும் அவனது நிழற்படத்துக்கு அழகு சேர்க்கின்றன. அவளது மறுமொழிக்கு அங்கு இடமில்லை. மறுமொழி கூற இயலாத நிலையில் ஒருவரை வைத்து நோக்குவதே அவரைக் காட்சிப்பொருளாக்குதல் எனலாம்.

சட்டம் இதனை ஓரளவு உணர்ந்திருக்கின்றது. ஜேர்மனியில் 2019இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சிறப்பு அனுமதி இல்லாவிடத்துப் பாதசாரிகளுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் இத்தகைய ஊர்திகள் செல்லலாகாது. மது அருந்தியவன் அவற்றைச் செலுத்துவதற்கும் வரம்புண்டு. பிறாக் நகரசபையோ, ஊரவரும் பாதசாரிகளும் தெரிவித்த முறைப்பாடுகளின் பின்னர், 2016இல் நகரின் வரலாற்று மையத்திலே செக்வேகளைத் தடைசெய்தது. ஆனால் சட்டம் பேசுவது மோதலையும் காயத்தையும் பற்றியே. ஒருவர் மீதும் மோதாது, ஒருவரையும் காயப்படுத்தாது, ஓரத்தில் அமைதியாக நின்று நோக்குபவன் சட்டத்தின் முன் குற்றமற்றவன். அவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி சட்டம் முடியுமிடத்திலேதான் தொடங்குகின்றது.

அச்சதுக்கத்தின் வரலாறு இக்கேள்வியை மேலும் கடினமாக்குகின்றது. இன்று சந்தை நிகழும் அந்நிலம் ஒருகாலத்தில் யூதர்களின் குடியிருப்பாக இருந்தது. பேரரசன் நான்காம் சார்ள்ஸ் அக்குடியிருப்பை அகற்றிச் சந்தைச் சதுக்கம் அமைக்க இசைவளித்தான். 1349ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 5ஆம் நாள் அங்கு வாழ்ந்த யூதர்களுள் 562 பேரேனும் கொல்லப்பட்டனர். அவர்களது தொழுகைக்கூடம் இருந்த இடத்திலே அன்னை மரியாள் தேவாலயம் எழுந்தது. அத்தேவாலயத்தின் முகப்பிலே 1509இல் முற்றுப்பெற்ற பொறிக்கடிகாரம் ஒன்று உண்டு. நாள்தோறும் நண்பகலில், உயரத்தில் வீற்றிருக்கும் அப்பேரரசனின் உருவைத் தேர்வுரிமைபெற்ற இளவரசர் எழுவரின் உருவங்கள் வலம்வந்து வணங்கும். கீழே நிற்போர் அண்ணாந்து பார்த்து மகிழ்வர். பிற்காலத்தில், 1933இல், நாசிகள் அச்சந்தையை வேறிடத்திலிருந்து மீண்டும் இச்சதுக்கத்துக்குக் கொண்டுவந்து, பழம்மரபின் பெயரால் ஆடம்பரமாகத் தொடக்கிவைத்தனர். சதுக்கத்துக்கு ஹிட்லரின் பெயரையும் சூட்டினர். போர்க்காலத்திற் சந்தை நின்றுபோயிற்று. 1945ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் குண்டுவீச்சினாற் பழைய நகரம் பெரும்பாலும் அழிந்தது. 1948இல், இடிபாடுகளின் நடுவே, சந்தை மீண்டும் கூடியது.

ஆண்டுதோறும் டிசெம்பர் 5ஆம் நாள் சந்தைக் காலத்தின் நடுவிலே வந்து போகின்றது. அன்றும் விளக்குகள் எரியும். முந்திரிகை இரசம் கொதிக்கும். இவற்றை ஒரு வழிகாட்டி சில நிமிடங்களிற் சொல்லிவிடலாம். நல்ல வழிகாட்டிகள் சொல்லவே செய்வர். ஆனால் சொல்லப்பட்டதைத் தாங்கிக்கொள்ளக் கேட்பவனுக்கு நேரம் வேண்டும். கேட்டு முடியுமுன் உடலை முன்னே சாய்த்து அடுத்த இடத்துக்குச் செல்பவனிடத்து, 562 என்பது இன்னோர் எண்ணாக மட்டுமே எஞ்சும். கடைகள் 180, கொல்லப்பட்டோர் 562, வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர் என மூன்றும் ஒரே வரிசையில் நினைவில் நிற்குமாயின் அது அறிவாகாது.

இவ்விடத்து ஓர் எதிர்வாதம் எழுதல் இயல்பு. நடந்து வருவோர் அந்த நிலத்தை எண்ணிப் பார்க்கின்றனரா? இருபது இலட்சம் பேரும் கிண்ணமேந்தியவாறு அந்நிலத்தின் மேலேயே நடக்கின்றனர். வழிகாட்டி இன்றி வருவோரிற் பலர் அக்கதையைக் கேட்பதேயில்லை. கேட்டும் விரைந்து சென்றவன், கேளாமலே நின்றவனிலும் மேலானவன் அல்லனா? இவ்வாதம் வலிமையுடையது; மறுக்கவும் கூடாதது. கால்கள் தரையில் இருப்பதனால் மட்டும் மனம் தரையில் இருப்பதில்லை. ஊர்தியில் வந்தவன் உயர்வு மனப்பான்மை இல்லாதவனாயும், நடந்து வந்தவன் அதனையே உடையவனாயும் இருத்தல் கூடும். எனவே, செக்வேயைத் தடைசெய்வதனாலோ நடையைப் போற்றுவதனாலோ இவ்வொழுக்க வினா தீர்ந்துவிடாது. ஊர்தியில் வந்தமை குற்றமன்று. வந்த பின்னும் இறங்காமை பற்றியதே கேள்வி.

நத்தாரின் பொருளும் இதனையே சுட்டுகின்றது. கிறிஸ்தவ சமயக் கோட்பாட்டின்படி, அது இறைவன் உயரத்திலிருந்து இறங்கி, மனிதருள் ஒருவனாய், மாட்டுத் தொழுவத்திற் பிறந்ததை நினைவுகூரும் விழா. அக்கோட்பாட்டை ஏற்பவரும் ஏலாதவரும் ஒன்றை ஒப்புக்கொள்வர்: தன்னை உயர்ந்தவனாக வைத்துக்கொண்டு அன்பு செய்ய இயலாது என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது. நியூரம்பேர்க் சந்தையின் வழக்கமொன்றும் இதற்கு இசைவாக அமைந்துள்ளது. சந்தையைத் தொடக்கிவைக்கும் 'கிறிஸ்ற்கின்ட்', அதாவது திருக்குழந்தை வேடமேற்பவள், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நகரத்து இளம்பெண்களிலிருந்து தெரிவு செய்யப்படுகின்றாள். அவள் 16 முதல் 19 வயதுக்குட்பட்டவளாகவும், 160 சென்ரிமீற்றர் உயரமேனும் உடையவளாகவும், உயரத்துக்கு அஞ்சாதவளாகவும் இருத்தல் வேண்டும். ஏனெனில் தேவாலயத்தின் மேல்மாடத்தில் நின்றே அவள் தொடக்கவுரையைக் கூறுகின்றாள். ஆனால் அவளது பணி அம்மாடத்தில் முடிவதில்லை. பின்வரும் வாரங்களில் அவள் கீழே இறங்கிச் சந்தைக்குள் வந்து பிள்ளைகளுடன் பேசுகின்றாள். முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்கின்றாள். உயரத்தில் நிற்கும் துணிவு ஒரு மாலைக்கே தேவைப்படுகின்றது. கீழே வந்து கழிக்கும் நாள்களே பல.

இந்நோக்கிலே அந்த உலாக்குழுவினரை மீண்டும் பார்த்தல் தகும். சனநெரிசலும் சட்டமும் ஊர்தியைச் சந்தையினுள் விடமாட்டா. இரு கைகளும் கைபிடியைப் பற்றியிருக்கக் கிண்ணத்தை ஏந்தவும் இயலாது. எனவே, சதுக்கத்தைக் காட்டிவிட்டு அப்பாற் செல்லாது, ஊர்திகளை ஓரத்தில் நிறுத்தி, "இனி இறங்கி உள்ளே சென்று வாருங்கள்" என்று கூறும் வழிகாட்டி, தம்மையறியாமலே ஓர் ஒழுக்கப் பாடத்தை நடத்துகின்றார். இறங்கியவர்களின் கால்களுக்குச் சிறிது நேரம் தரை புதிதாக இருக்கும். தலைகளுக்கு மேலாகத் தெரிந்த துணிக்கூரைகள் இப்போது மறைந்துவிடும். முன்னால் நிற்பவரின் முதுகும், பக்கத்தில் நிற்பவரின் தோளும், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வழியை மறிக்கும் ஒரு பிள்ளையும் மாத்திரமே தெரியும். சற்றுமுன் முழுச் சந்தையையும் கண்டவர் இப்போது அதில் ஒரு முழ அளவையே காண்கின்றார். ஆனால் அந்த ஒரு முழத்துக்குள்ளே அவரையும் மற்றவர்கள் காண்கின்றனர்.

செக்வேக்குப் பின்னரும் புதிய ஊர்திகள் வரும். அவை இன்னும் உயரத்திலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் பிறர் வாழ்வைக் காட்டித் தரும். அவை ஒவ்வொன்றின் முன்னும் இவ்வினா மீண்டும் எழும். ஏறக் கூடாது என்பதன்று அதன் விடை. எங்கு இறங்க வேண்டும் என்பதை ஏறுமுன்னரே அறிந்திருத்தல் வேண்டும் என்பதே. பீடத்திலிருந்து தரைக்கு உள்ள தூரம் 20 சென்ரிமீற்றர்தான். அதனைக் கடக்க ஓர் அடி எடுத்துவைத்தாற் போதும். பிளம் பொம்மை விற்பவளின் முன்னே குனிந்து, அதன் விலை என்ன என்று கேட்பதற்கு வேறு வழியில்லை.